ஹெல்மெட்டுக்குள்ள இருந்த துணித்தொப்பி

மார்ச் 8, 2025
வியன்னா, நோயே பர்க் அரண்மனைல இருக்கற ஆயுத மியூசியம். குதிரைல எதிரெதிரா வந்து ஈட்டியால இடிச்சுக்கற ஜௌஸ்டிங் இருக்கே, அதுக்குப் போடற கவசங்களைப் பாத்தேன். புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் காலத்துது, ஒவ்வொண்ணும் 40 கிலோ பக்கம் வரும். எல்லாரும் தவளை வாய் மாதிரி முன்னாடி நீட்டிட்டு இருக்கற அந்த ஹெல்மெட்டத்தான் போட்டோ எடுக்கறாங்க, எனக்கு அதுல ஜோடி ஜோடியா இருக்கற சின்ன ஓட்டைங்கள விட்டு கண்ணு நகரல. உள்ள போடற தொப்பியோட வாரை வெளிய இழுத்துக் கட்டறதுக்குத்தான் அது.

மார்ச் 9
அந்தத் தொப்பிங்களே சிலது இங்க கலெக்‌ஷன்ல தப்பிப் பிழைச்சிருக்கு, 1500 வாக்குல தச்சது. இரும்ப யாரும் பத்திரமா வைப்பாங்க, வேர்வை ஊறின துணிய 500 வருஷம் வச்சிருக்காங்கன்னா பெரிய விஷயம்ங்க. மேல லினன், உள்ள நூல் எடுக்கறப்ப கழிச்சுப் போடற நார், அது ஒரு பக்கமா ஒதுங்காம இருக்க நெருக்கமா தையல்.

இது வெறும் மெத்துனு இருக்கறதுக்கு இல்ல. ஹெல்மெட்ட முன்னாடி மார்க்கவசத்தோட முடுக்கிடுவாங்க, பின்னாடி முதுகுல பிணைச்சிடுவாங்க, அதனால ஈட்டி பட்டா அடி உடம்புக் கவசத்துக்கு இறங்கிடும், ஆனா உள்ள இருக்கற தலை சும்மா இருக்குமா, அது போய் இரும்புல மோதும்ல. அந்த மோதல் நடக்காம தலைய நடுவுல இழுத்துப் பிடிச்சு வைக்கறது இந்தத் தொப்பியும் வாரும்தான். இதை யோசிச்சவன் சாதாரண ஆளு இல்ல.

மார்ச் 11
லினன் வாங்கி நார் அடைச்சு ஒரு உள்ளங்கை அளவுக்கு தச்சுப் பாத்தேன். இவ்ளோ கெட்டியா வரும்னு நினைக்கவே இல்ல, ஊசி உள்ள போகவே மாட்டேங்குது, விரல் நுனி எல்லாம் எரியுது. முழுத் தொப்பி தச்ச கைங்களை நினைச்சா மரியாதை வருது, ஒருத்தர் பேரும் நமக்குத் தெரியாது.

மார்ச் 14
பிரான்ஸ் ராஜா இரண்டாம் ஹென்றி 1559ல ஜௌஸ்டிங்ல அடிபட்டு செத்தது ஞாபகம் வந்துச்சு. உடைஞ்ச ஈட்டியோட சிராய் முகமூடி வழியா கண்ணுப் பக்கம் ஏறிடுச்சு, பத்து நாள் துடிச்சுப் போனாரு. அதுக்கு எந்தத் தொப்பியாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, உண்மைதான். ஆனா இடிய வாங்கியும் எழுந்து வீட்டுக்குப் போனவங்க கதைய யாரும் எழுதி வைக்கல. எந்த மியூசியமா இருந்தாலும் சரி, ஹெல்மெட் பக்கத்துல இந்தத் தொப்பிய எப்படிக் கட்டுவாங்கன்னு ஒரு படமாச்சும் வைங்கப்பா.