பழைய டயருக்குள் இருந்த கல்

டயர் கடை அண்ணன் என் பழைய டயரின் பள்ளத்துக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினார். சிவப்பாக ஒரு கிறவல் கல் தெறித்து விழுந்தது.

“படுவான்கரையா தம்பி?”

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் பக்கத்தைக் கல்லைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

என் கெப்புக்கு, அதாவது பிக்கப் வண்டிக்கு, சேற்று டயர் போடத்தான் டவுனுக்கு வந்திருந்தேன். போன மாரியில் பசளை மூட்டைகளோடு வயல் வழியில் புதைந்து, உழவு மெஷின் வந்து இழுத்தது மனதை விட்டுப் போகவில்லை.

“சேத்துக்குள்ள எத்தின நாள் ஓடுவீங்க? காபட் போட்ட தார் ரோட்டில எத்தின நாள்?”

எண்ணிப் பார்த்தேன். மண்முனைப் பாலம் தாண்டி டவுனுக்கு வருவதே கிழமையில் ஐந்து நாள். கிறவல் தினமும். சேறு மாரியில் மட்டும்.

“அப்ப தார் ரோட்டுக்கும் கிறவலுக்கும் பொதுவான ஆல் டெரைன் டயர் போதும். சேத்து டயர் காபட்டில இரையும், கெதியா தேயும். மழை ரோட்டில பிரேக்கும் அவ்வளவு பிடிக்காது.”

சரி என்றேன். புது டயர்களின் பக்கவாட்டில், தயாரித்த கிழமையையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்களையும் பார்த்தேன். மூன்றில் 1424, அதாவது 2024இன் 14ஆம் கிழமை. ஒன்றில் மட்டும் 0819, 2019இல் செய்த பழையது. சொன்னதும் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்.

எங்கள் பக்கம் கெப் வைத்திருப்பவனுக்கு அது தனி வாகனம் இல்லை. மழை இரவில் யாருக்காவது நோவு கண்டால் முதலில் தட்டப்படுவது அவன் வீட்டுப் படலைதான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது ஏழாம் மாதம். மாரிக்கு இன்னும் சில கிழமைதான் இருக்கிறது.