பட்டாசு ஆபீஸ் போர்மேன்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் எந்தப் பட்டாசு ஆலைக்குள் போனாலும் அறை வாசலில் பெயிண்டில் எழுதியிருப்பார்கள்: அறை எண், உள்ளே நடக்கும் வேலை, எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ வெடிமருந்து இருக்கலாம். மருந்து புழங்கும் அறைகளில் ஆள் கணக்கு 4-ஐத் தாண்டக் கூடாது. கலவை அறை என்றால் அதைவிடக் குறைவு. அந்த 4 எந்த நேரத்திலும் 5 ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் போர்மேன்.

மற்றத் தொழில்களில் போர்மேன் என்றால் வேலையை விரட்டி வாங்குகிறவர். பட்டாசு ஆபீசில் (இந்தப் பக்கம் ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான்) வேலையை நிறுத்தத் தெரிந்தவர்தான் நல்ல போர்மேன். எப்போது நிறுத்துவது, யாரை எழுப்பி வெளியே அனுப்புவது, எந்தத் தட்டைத் தொடாமல் விடுவது என்பதில்தான் அவருடைய அனுபவம் முழுக்க இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இன்றைக்கு 50 வயதைத் தாண்டிய ஒரு போர்மேனின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒருவரைச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கேட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான் வரும். தாத்தா மானாவாரி விவசாயி. கரிசல் காட்டில் பருத்தி, கம்பு, சோளம், மிளகாய். மழை பொய்த்தால் அந்த வருஷம் முழுக்கக் கடன். அந்த வறட்சிதான் தீப்பெட்டியையும் இங்கே கொண்டுவந்தது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பி 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். காய்ந்த காற்றும் குறைந்த மழையும் விவசாயிக்குச் சாபம். குச்சி காயவைக்கிறவனுக்கு அதுதான் முதலீடு.

அப்பா காலத்தில் வீட்டுப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். கட்டை அடுக்குவது (குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவது), பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது எல்லாம் உருப்படிக் கூலி, முடித்த எண்ணிக்கைக்குத்தான் காசு. பிள்ளைகளும் கூடவே போனார்கள். விடியுமுன் இருட்டிலேயே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து தூங்குகிற பிள்ளைகளை ஏற்றிப் போனது இந்த மண்ணின் மாறாத வடு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை முன்வைத்து நடந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் இன்றைய போர்மேன் தலைமுறை கட்டை அடுக்கியே வளர்ந்து முடித்திருந்தது.

இந்தக் குடும்ப வரலாற்றுக்கும் வேலைக்கும் நேரடியான ஒரு தொடர்பு உண்டு. தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு வந்தவர்களிடம் ஒரு தப்பான தைரியமும் கூடவே வந்துவிடும். தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தேதான் இருக்கின்றன. வஜ்ஜிரப் பசையோடு ஈரமாகக் கலந்து, ஈரமாகவே முக்குவதால் அது கைக்கு அடங்கியிருக்கிறது. அதே இரண்டும் உலர்ந்து சேர்ந்தால் லேசான உரசலே போதும். கந்தகத்தில் துளி அமிலம் இருந்தால் உரசல்கூட வேண்டாம். அதனால்தான் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையைப் பட்டாசில் பயன்படுத்த 1992-ல் மத்திய அரசு தடை விதித்தது. "தீப்பெட்டியில நாங்க கலக்காததா?" என்று ஒரு பழைய ஆள் கேட்டால், அவரை அன்றைக்கே கலவை அறைப் பக்கம் விடாமல் வேறு வேலைக்கு மாற்றுகிறவர்தான் விவரமான போர்மேன்.

1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமான பிறகுதான் இங்கே பட்டாசு ஆலைகள் முறையாக முளைத்தன. இப்போது நடப்பில் இருப்பவை 2008 விதிகள். 15 கிலோ மருந்து வரைக்கும் மாவட்ட நிர்வாகமே உரிமம் தரும். அதற்கு மேலே பெசோ, அதாவது மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அதன் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் பெரிய ஆலைகளைப் பேச்சுவழக்கில் நாக்பூர் லைசென்ஸ் என்பார்கள். எந்த உரிமமாக இருந்தாலும் பயிற்சி பெற்ற போர்மேன் இல்லாமல் மருந்தைத் தொடக் கூடாது. வழக்கமாக ஒருவர் முதலில் பேக்கிங், பிறகு மருந்து செலுத்துவது, பிறகு கலவைக்காரருக்கு உதவி, பிறகு கலவை என்று படிப்படியாக வந்து, தொழிலகப் பாதுகாப்புத் துறையின் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி போர்மேன் ஆவார். பேக்கிங்கிலிருந்து நேராக போர்மேன் ஆனவர்களும் உண்டு. அந்த ஆலைக்கு நான் யாரையும் வேலைக்கு அனுப்பச் சொல்லமாட்டேன். மருந்தைக் கையால் தொட்டவருக்குத்தான் அதன் குணம் மாறுவது கண்ணில் படும்.

அவருடைய நாள் பஸ் வருமுன் தொடங்கிவிடும். முதலில் ஒவ்வொரு அறையும். தரையில் ரப்பர் விரிப்பு சுருங்காமல் கிடக்கிறதா, அதன் அடியில் நேற்றைய பொடி தங்கியிருக்கிறதா, எதிரெதிர்க் கதவுகள் இரண்டும் வெளிப்பக்கமாகத் தடையில்லாமல் திறக்கின்றனவா, வாசலில் நீர்த்தொட்டியும் மணல் வாளியும் நிரம்பியிருக்கின்றனவா. கதவுக்கு முன் காகிதக் கட்டு கிடந்தால் அதுதான் முதல் சண்டை. தீப்பிடித்தால் ஓடிவரக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. அந்த நொடியில் ஒரு காகிதக் கட்டு என்பது சுவருக்குச் சமம்.

பிறகு வாசலில் சோதனை. பீடி, தீப்பெட்டி, செல்போன் உள்ளே போகக் கூடாது. நைலான், பாலியஸ்டர் துணி உரசலில் மின்னேறும். பருத்திதான் உடுத்த வேண்டும். கொலுசு, ஊக்கு, கொண்டை ஊசி கழற்றியாக வேண்டும். செருப்பு வெளியே. கதவருகே செம்புத் தகடு பதித்து நிலத்தோடு இணைத்திருப்பார்கள். உள்ளே போகுமுன் அதைக் கையால் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். கோடைக் காற்றில் உடம்பு காய்ந்திருக்கும்போது இந்தத் தகடு தெய்வத்துக்குச் சமம். ஆனால் வருஷக்கணக்கில் துடைக்காமல் பச்சை பிடித்துக் கிடந்தால், கம்பி அறுந்திருந்தால் அது வெறும் அலங்காரம். மாதம் ஒருமுறையாவது மண்ணிணைப்பைச் சோதிக்க வேண்டும்.

கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். இங்கேதான் போர்மேன் நகரக் கூடாது. ஒவ்வொரு ரசாயனத்தையும் தனித்தனிச் சல்லடையில் சலிக்க வேண்டும். நைட்ரேட் சலித்த சல்லடையில் அலுமினியப் பொடியைப் போடுவது பெரிய குற்றம். சல்லடைக்கு மரச் சட்டம், பித்தளை வலை. கரண்டியும் தட்டும் இரும்பாக இருக்கவே கூடாது. மருந்தில் ஒரு மணல் துகள் விழுந்தால் போதும், அதுதான் உரசுகல். அதனால் காற்று தூக்கியடிக்கிற நாளில் கலவையைத் தள்ளிப்போடுவார்கள். கலந்ததைப் பாத்திரத்தோடு தரையில் இழுக்கக் கூடாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் எடுத்துப்போவது கொஞ்சமாக இருக்க வேண்டும். அடுத்த அறைக்காரர் கையில் இருப்பதை முடிக்குமுன் அடுத்த தட்டு போகக் கூடாது.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் பட்டால் மருந்து செத்துவிடும் என்று பொதுவாக நினைக்கிறார்கள். அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் லேசாக ஈரம் ஏறினால் உள்ளுக்குள் வினை நடந்து சூடு சேரும். முதல் நாள் கலந்து மீந்ததை மூடிவைத்து, மறுநாள் காலையில் திறந்து கிளறும்போது வெடித்த சம்பவங்கள் இந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. ஐப்பசி அடைமழைக் காலத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பு. அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீர வேண்டும். தீராதென்று தெரிந்தால் கலக்கவே கூடாது. பாத்திரத்தின் வெளிப்பக்கம் கைக்குச் சூடாகத் தெரிந்தால், அம்மோனியா வாடை லேசாக மூக்கில் ஏறினால், அதைக் கிளறிப் பார்க்கவோ தூக்கிக்கொண்டு ஓடவோ கூடாது. எல்லாரையும் எழுப்பித் தூர அனுப்ப வேண்டும்.

வானில் போய் வண்ணமாகச் சிதறும் பேன்சி ரகங்களுக்கான மணிமருந்தும் இதே அளவு கவனம் கேட்கிறது. உருட்டிய மணிகளை உலர்மேடையில் பரப்பிக் காயவைக்கிறார்கள். உச்சி வெயிலில் அதை அள்ளவோ குலுக்கவோ கூடாது. சூடு தணிந்த பிறகுதான். மேகம் திரண்டு இடி கேட்டுவிட்டால் மேடையைக் காப்பாற்ற ஓடுவதுதான் எல்லாருக்கும் வரும் முதல் புத்தி. காய்கிற சரக்கு நனைந்தால் ஆயிரக்கணக்கில் நட்டம். ஆனாலும் மின்னல் நேரத்தில் ஆட்கள்தான் முதலில் வெளியேற வேண்டும், சரக்கு கிடக்கட்டும். இதைச் சொல்கிற வாய் போர்மேனுடையது. நட்டக் கணக்குக் கேட்கிற வாய் வேறொருவருடையது.

குடும்பம் வேலைக்குள் நுழைவதும் இங்கேதான். போர்மேன்தான் பெரும்பாலும் ஆள் சேர்க்கிறவர். தன் ஊரிலிருந்து, தன் தெருவிலிருந்து, தன் சொந்தத்திலிருந்து சேர்ப்பார். தீபாவளி முடிந்து புதுக் கணக்குத் தொடங்கும்போது ஆட்களுக்கு முன்பணம் வாங்கிக் கொடுப்பதும் அவர்தான். அறையில் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறவர் மதினியாக இருக்கும், திரி சொருகுகிறவர் சித்தியாக இருக்கும். மதியம் வெயில் ஏறி அவர் எழுந்திருக்கச் சொன்னால், "இன்னும் ரெண்டே தட்டு அண்ணாச்சி, முடிச்சுட்டு எந்திரிச்சிருதேன்" என்று பதில் வரும். உருப்படிக் கூலியில் அந்த இரண்டு தட்டு என்பது அன்றைய பால் காசு, பிள்ளையின் பஸ் காசு. இரக்கப்பட்டு விடுகிற நாளும் உண்டு. சொந்தம் இருப்பதால் அதட்டவும் முடிகிறது, சொந்தம் இருப்பதாலேயே விட்டுக்கொடுக்கவும் நேர்கிறது. மதியத்துக்கு மேல் நிறுத்தினாலும் குறையாத நாட்கூலியை மருந்து அறைகளுக்கு மட்டுமாவது கொடுத்தால் பாதி விபத்து குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆடிக்குப் பிறகு ஆர்டர் நெருக்கும். 4 பேர் அறையில் 6 பேர், அறைக்கு வெளியே மரத்தடியில் இன்னும் சிலர், உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் யார் எவர் என்றே தெரியாத ஆட்கள். உள்குத்தகை வந்துவிட்டால் போர்மேனின் சொல் அறை வாசலோடு நின்றுவிடும். ஒரே வளாகத்தில் நாலைந்து பேர் தனித்தனியாக மருந்து கலப்பார்கள், ஒருவர் இருப்பு மற்றவருக்குத் தெரியாது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பலர் முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். இருப்பில் எத்தனை கிலோ, எந்த அறையில் என்பது வெளியே நிற்கிறவருக்குத் தெரியாவிட்டால் காப்பாற்ற வருகிறவரும் சாகிறார். அதனால்தான் இருப்புப் பதிவேட்டை அன்றன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதி நிரப்பும் பதிவேடு யாரையும் காப்பாற்றாது.

விபத்துச் செய்தியின் கடைசிப் பத்தியைக் கவனித்திருப்பீர்கள்: உரிமையாளர், மேலாளர், போர்மேன் மீது வழக்கு, போர்மேன் கைது. சம்பவ இடத்தில் இருப்பவர் அவர், பதிவேட்டில் கையெழுத்தும் அவருடையது. கூடுதல் ஆளை உட்காரவைக்கும் முடிவு மேலே எடுத்ததாக இருக்கலாம், அதற்குத் தாளில் சாட்சி இருக்காது. மாதச் சம்பளக்காரரின் குடும்பம் வக்கீலுக்கு அலைகிறது. இறந்தவர்கள் வீடும் அதே தெருவில் இருக்கும். துக்கத்துக்கும் போக முடியாமல், போகாமலும் இருக்க முடியாமல் அந்த வீட்டுப் பெண்கள் படுகிற பாட்டை இந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கலவையில் சேரும் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும் போதும் என்றது. 2021-ல் அதை மறுபடி உறுதி செய்தது. போர்மேனுக்கு இது கை முழுக்கப் புதுப் பழக்கம். இருபது வருஷம் கண்ணாலேயே அளந்து பழகிய கலவை போய்விட்டது. புதுக் கலவையின் நிறம், எடை, கைக்குப் பட்டால் அதன் மென்மை எல்லாமே வேறு. பழகிய கை பழைய அளவுக்கே போகும். புதுக் கலவைக்குத் தராசில்லாமல் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியே ஆக வேண்டும். சில ஆலைகளில் வடமாநில ஆட்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் தமிழில் எழுதிய எச்சரிக்கையை அவர்களால் படிக்க முடியாது. இந்தியிலும் எழுத வேண்டும், "ஓடு", "தொடாதே", "நிறுத்து" என்ற மூன்று சொல்லையாவது இருபக்கமும் பழக்க வேண்டும்.

அவருடைய பிள்ளைகள் பட்டாசுக்கு வரவில்லை. மகன் பொறியியல் படித்துக் கோவையிலோ சென்னையிலோ இருக்கிறான், மகள் பி.காம். முடித்து ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில் கணக்கெழுதுகிறாள். படிப்புச் செலவு முழுக்க மருந்துக் காசுதான்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ரப்பர் விரிப்பைத் தண்ணீர் விட்டுத் துடைப்பார்கள். சிந்திய பொடியை ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைப்பத்தால் கூட்டக் கூடாது. அலுமினியம் படிந்து வெள்ளியாய் மின்னும் கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பெண்கள் பஸ்சில் ஏறுவார்கள். கழிவை அறைகளுக்குத் தொலைவில் உள்ள குழியில், கொஞ்சம் கொஞ்சமாக, காற்றுக்கு முதுகு காட்டி நின்று எரிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி எரித்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். பஸ் கிளம்புமுன் தலை எண்ணிக்கை. காலையில் எழுதியதும் இப்போது எண்ணியதும் ஒன்றாக இருந்தால்தான் இருப்பு அறைச் சாவியைப் பூட்டில் திருப்புவார்.