காட்பாடியில் கருத்துக் கேட்ட அனுபவம்

தேர்தல் கருத்துக் கணிப்புக்குக் களத்தில் இறங்குகிறவனுக்குச் சுலபமான தொகுதி எது என்றால், வேட்பாளரை யாருக்கும் சரியாகத் தெரியாத தொகுதிதான். சின்னத்தைச் சொல்வார்கள், வேலை முடிந்தது. வேட்பாளரைப் பற்றி டீக்கடைக்காரர் முதல் கல்லூரிப் பேராசிரியர் வரைக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருக்கும் தொகுதியில்தான் உயிர் போகும். வேலூர் மாவட்டத்தில் அப்படிப்பட்டது காட்பாடி. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய மார்ச் வெயிலில் ஒரு தனியார் நிறுவனத்துக்காக அங்கே கள மேற்பார்வையாளனாக அலைந்தேன்.

துரைமுருகனைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாக: 1971இல் காட்பாடியில் முதல் வெற்றி. அப்புறம் இராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார். 1989இல் வெற்றி, 1991 அலையில் தோல்வி. 1996இலிருந்து அப்போது வரை காட்பாடி அவர் கையை விட்டுப் போகவில்லை. 2020 செப்டம்பரில் தி.மு.க.வின் பொதுச்செயலாளர் ஆனார். அண்ணாவும் பேராசிரியர் அன்பழகனும் இருந்த பொறுப்பு அது. அப்போது சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் துணைத் தலைவர். அவர் எழுந்து பேசினால் எதிர்வரிசையும் சேர்ந்து சிரிக்கும். அந்தப் பேச்சுதான் அவருக்குப் பலம். சிலருக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கும் அதே பேச்சுதான் காரணம்.

எங்கள் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பது போல் கடைத்தெருவில் நின்று நாலு பேரைக் கேட்பது அல்ல. எந்தெந்த வாக்குச்சாவடி என்பதை அலுவலகமே தேர்ந்தெடுத்துவிடும். அந்தப் பாகத்தின் வாக்காளர் பட்டியலில், குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பெயர்களைக் குறித்துக் கொடுப்பார்கள். அந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும். அவர் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு ஒப்பேற்றக் கூடாது. பட்டியலோ பழசு. கல்யாணமாகி திருத்தணிக்குப் போன பெண், பெங்களூருக்கு வேலைக்குப் போன பையன், இறந்து இரண்டு வருஷம் ஆன தாத்தா, எல்லோரும் அதில் இருப்பார்கள். டேப்பில் (டேப்லெட் கணினி) பதிவு செய்யும்போது பின்னணியில் குரலும் பதிவாகும், இடமும் பதிவாகும். அப்படியும் புளியமரத்தடியில் உட்கார்ந்து பத்துப் படிவத்தைத் தானே நிரப்பிவிடும் பையன்கள் உண்டு. ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் வேறென்ன நடக்கும்? மேற்பார்வையாளன் வேலையில் பாதி அவர்களைப் பிடிப்பதுதான்.

காட்பாடியில் எந்த வீட்டுக்குப் போனாலும் நாங்கள் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் அவர்கள் ஒன்று கேட்பார்கள்: "நீங்க இன்னா, எந்தக் கட்சியில இருந்து வரீங்க?" எந்தக் கட்சியும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். இதற்கு ஒரு காரணம் இருந்தது. 2019 மக்களவைத் தேர்தலில், வருமான வரித் துறைச் சோதனைகளில் பணம் பிடிபட்டதைத் தொடர்ந்து வேலூர்த் தொகுதியில் மட்டும் தேர்தல் ரத்தானது. பணப்புழக்கத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலையே நிறுத்தியது நாட்டில் அதுதான் முதல் முறை. சோதனை துரைமுருகன் வீட்டிலும் நடந்தது; வேட்பாளர் அவர் மகன் கதிர் ஆனந்த். ஆகஸ்ட் 5ஆம் தேதி தேர்தல் நடந்து, அவர் 8,141 ஓட்டு வித்தியாசத்தில் ஏ.சி.சண்முகத்தை ஜெயித்தார். இதில் ஒரு வேடிக்கை, காட்பாடி சட்டமன்றத் தொகுதி வேலூர் மக்களவைத் தொகுதியிலேயே இல்லை. அது அரக்கோணத்தில் வருகிறது. பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் காட்பாடிக்காரர்கள் ஏப்ரலிலேயே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் வேலூர்க்காரர்கள் ஆடி மாசம் வரை காத்திருந்தார்கள். ஆனாலும் பேச்சு எல்லாம் இந்தப் பக்கம்தான். இரண்டு வருஷம் கழித்தும், கையில் டேப்போடு தெருவில் நுழைகிறவன் பறக்கும் படை ஆளா, கட்சியின் கணக்குப்பிள்ளையா என்ற சந்தேகம் போகவில்லை.

எங்களை எந்தக் கட்சி அனுப்பியது என்று முடிவு செய்துகொண்ட பிறகு அதற்கேற்ற பதில் வரும். வேட்டி கட்டிய பையன் கேட்டால் ஒரு மாதிரி, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன் கேட்டால் வேறு மாதிரி. போதாததற்கு அந்த வருஷம் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். இந்த வேலையில் வாய் சொல்வதைவிட உதட்டோரம் சொல்வது அதிகம். அது மூடியிருந்தது.

திண்ணையில் வைத்துப் பெண்களிடம் கேட்பது இன்னும் சிரமம். பொன்னைப் பக்கம் ஒரு வீட்டில் பட்டியலில் இருந்தது மருமகளின் பெயர். மாமனார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார், அந்தப் பெண் முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். எம்.எல்.ஏ.வின் செயல்பாடு எப்படி என்றதற்கு, "எம்மா நாளா கீறாரு, இன்னா பண்ணிட்டாரு?" என்றார் மாமனார். மாதிரி ஓட்டுச்சீட்டு வரும் கட்டத்தில்தான் எங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். சின்னங்கள் அச்சடித்த தாளைக் கொடுத்து, அவரே தனியாகக் குறித்து, மடித்து, நாங்கள் கொண்டுபோகும் சின்னப் பெட்டியில் போட வேண்டும். உதயசூரியன், இரட்டை இலை, கரும்பு விவசாயி, குக்கர், டார்ச் லைட் எல்லாம் அதில் இருக்கும். மாமனார் அதையும் வாங்கப் பார்த்தார். "இது அவங்க மட்டும்தான் பண்ணணும், ஐயா" என்று எங்கள் குழுவில் கேள்வி கேட்ட பெண் சொன்னதும், மருமகள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வர நேரமாயிற்று. ஒரு சின்னத்தில் குறி போட எதற்கு அவ்வளவு நேரம் என்று மாமனார் இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் வந்து, தாளைச் சிறியதாக, மறுபடியும் சிறியதாக மடித்துப் பெட்டிக்குள் தள்ளினாள். யாருக்குப் போட்டாள் என்று எனக்கும் தெரியாது. பெட்டியை மொத்தமாகப் பிரிப்பதுதான் வழக்கம்.

திண்ணையில் சொல்வதும் பெட்டியில் விழுவதும் ஒத்துப்போகாமல் இருப்பது எல்லாத் தொகுதியிலும் உண்டு. காட்பாடியில் அது ஒரே பக்கமாகச் சாயவில்லை. துரைமுருகனைத் திட்டித் தீர்த்த தெருவில் உதயசூரியன் நிறைய விழும். "எங்க ஊரு பெருமை சார் அவரு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்ன தெருவில் இரட்டை இலை விழும். பொய் சொன்னார்கள் என்று எங்கள் பையன்கள் முடிவு கட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சை உட்கார்ந்து கேட்டால் ஒன்று பிடிபடும்: அந்தத் தொகுதியில் மூன்று துரைமுருகன் இருந்தார்கள். ஒருவர் கட்சியின் பொதுச்செயலாளர், டி.வி.யில் வருகிறவர். இன்னொருவர் எம்.எல்.ஏ.; சாக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் பட்டாவுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். மூன்றாமவர் ஊர்க்காரர், இன்னார் வீட்டுக் காரியத்துக்கு வந்தவர், இன்னாரைப் பெயர் சொல்லி விசாரித்தவர். ஒரே மனிதர் ஒருவரைப் புகழ்ந்துவிட்டு அடுத்தவரைத் திட்டுவார். அதில் முரண்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது. வாக்குச்சாவடிக்குள் போகும்போது இந்த மூன்று பேரில் யாரை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார் என்பதுதான் விஷயம். எங்கள் படிவத்தில் இருந்ததோ ஒரே கேள்வி: உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் செயல்பாட்டில் உங்களுக்குத் திருப்தியா? மிகத் திருப்தி, ஓரளவு திருப்தி, அதிருப்தி, கருத்து இல்லை.

காந்தி நகரில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர் நல்ல காபி கொடுத்து, அரை மணி நேரம் பேசினார். 2011இலிருந்து பத்து வருஷம் எதிர்க்கட்சியில் இருந்தவரிடம் போய் ரோடு போடவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால் அவர் என்ன செய்வார் என்பது அவர் வாதம். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தார்: அதனால்தான் இந்தத் தடவையாவது ஆளுங்கட்சி ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். ஆளுங்கட்சி எது என்பதில்தான் சிக்கல். மாநிலம் முழுக்க ஆட்சி மாறும் என்ற பேச்சு அடிபட்டது. அப்படியானால் துரைமுருகன் அமைச்சர். ரயில்வேக்காரர் அதை நம்பினார். பக்கத்து வீட்டுக்காரர் அப்போது இருந்த ஆட்சியே தொடரும் என்று நம்பினார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான், கோட்டையில் செல்வாக்குள்ள எம்.எல்.ஏ. படிவத்தில் ஒருவர் "ஓரளவு திருப்தி", மற்றவர் "அதிருப்தி".

கிராமங்களில் வேறு கணக்கும் ஓடியது. பிப்ரவரி 26, தேர்தல் தேதி அறிவித்த அன்றே, வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. பா.ம.க. அப்போது அ.தி.மு.க. கூட்டணியில். வட மாவட்டங்களில் அது பேசப்படாத திண்ணை இல்லை. எங்கள் படிவம் முடிவாகிவிட்ட பிறகு வந்த விஷயம் என்பதால் அதற்கென்று கேள்வியே இல்லை. "வேறு கருத்துகள்" என்ற இடத்தில் பையன்கள் தட்டச்சு செய்துகொண்டு வந்தார்கள். அந்தப் பகுதியை மேலே யாராவது படித்தார்களா என்பது சந்தேகம்தான்.

ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. மேற்கு வங்கத்தின் கடைசிக் கட்டம் ஏப்ரல் 29 மாலை முடியும் வரை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்பு எதையும் வெளியிடக் கூடாது. ஒரு மாசத்துக்குப் பக்கமாக எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். நண்பர்கள் கேட்டபோதெல்லாம் "டைட்" என்று மட்டும் சொன்னேன். பெரிய தலைவர், ஒன்பது தடவை ஜெயித்தவர், மாநிலத்தில் அலை அவர் கட்சிப் பக்கம். இதில் என்ன டைட் என்று சிரித்தார்கள்.

மே 2 அன்று தி.மு.க. கூட்டணி 159 இடங்களைப் பிடித்தது. காட்பாடியில் துரைமுருகன் 85,140, அ.தி.மு.க.வின் ராமு 84,394. வித்தியாசம் 746. கொரோனாவுக்காக அந்தத் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடிக்கு 1,050 வாக்காளர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பிரித்திருந்தார்கள். ஆக, வித்தியாசம் ஒரு முழுச் சாவடி அளவுகூட இல்லை. பொதுச்செயலாளர் ஜெயித்தாரா, ஊர்க்காரர் ஜெயித்தாரா, எம்.எல்.ஏ. தோற்றாரா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் நீர்வளத் துறை அமைச்சரானார், அவை முன்னவர் ஆனார்.

"பாத்தியா, சரியாச் சொன்னே" என்று அதே நண்பர்கள் முதுகில் தட்டினார்கள். சரியாகச் சொன்னதில் திறமை ஒன்றுமில்லை. ஒரு தொகுதிக்கு நானூறு பேரைக் கேட்டால் ஐந்து சதவீதம் முன்னே பின்னே போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இந்த வித்தியாசமோ அரை சதவீதத்துக்கும் கீழே. இதைச் சரியாகப் பிடிக்க வேண்டுமானால் ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேரையாவது உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். அதற்குத் தேர்தலையே நடத்திவிடலாம்.

அந்த வேலைக்கான சம்பளம் வந்து சேர ஆவணி ஆகிவிட்டது, அது தனிக்கதை. கள அறிக்கை எழுதும்போது ஒரு யோசனையும் சேர்த்து அனுப்பினேன்: இப்படிப்பட்ட தலைவர் நிற்கும் தொகுதிகளில் எம்.எல்.ஏ.வாக எப்படி, கட்சித் தலைவராக எப்படி, ஊர் மனிதராக எப்படி என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். கடைசியில், ஓட்டுப் போடும்போது இதில் எதை யோசிப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. படிவம் ஏற்கெனவே நீளம், இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் ஆள் எழுந்து போய்விடுகிறார், பணம் கொடுக்கிறவர்களும் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆள் எழுந்து போவது என்னவோ உண்மைதான். அடுத்த தேர்தலுக்கும் அதே நாலு கட்டங்கள்தான் டேப்பில் வந்தன.