அப்பாவின் ஜெபமாலையோடு மணிலாவில்

தூத்துக்குடியில் தோணி கட்டும் ஓடாவியாக இருந்த என் அப்பா, பனிமய மாதா திருவிழா வரும்போதெல்லாம், மாதா கப்பலேறிய மணிலாவை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பார். மாதா சுரூபம் அங்கிருந்து 1555-இல் வந்தது என்பது எங்கள் ஊர் வழக்கு. அங்கே கிறிஸ்தவத்தைக் கொண்டுபோன ஸ்பானியர் மணிலாவைக் கைப்பற்றியதோ 1571-இல். கணக்கு இடிக்கிறதே என்றால், "நீ கணக்கைப் பார், நான் மாதாவைப் பார்க்கிறேன்" என்று உளியை எடுத்துக்கொள்வார். பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அந்த நேர்ச்சையைத் தீர்க்கத்தான், அவருடைய ஜெபமாலையோடு நான் போனேன்.

இன்ட்ராமுரோஸ் கோட்டைக்குள் நுழைந்ததுமே குதிரை வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஏறும்போது பேசிய கூலி இறங்கும்போது இரண்டு மடங்காகியிருந்தது. சான் அகுஸ்தின் கோயிலிலோ கல்யாணத்தின் மேல் கல்யாணம். கல் சிங்கங்களுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன்.

1607-இல் கட்டி முடித்த கோயில் அது. 1945 போரில் கோட்டைக்குள் இருந்த மற்றக் கோயில்களெல்லாம் அழிய, இது ஒன்றே தப்பியது. விதானத்தில் செதுக்கு வேலை என்று நான் வாய் பிளந்து பார்த்தது 1875-இல் தீட்டிய ஓவியம் என்று தெரிந்தபோது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. அப்பாவுக்கு இந்த வித்தையெல்லாம் பிடிக்காது.

அவருக்குப் பிடித்திருக்கக் கூடியது மாடியில் இருந்தது. மடத்து அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்கிப் பாடகர் மேடைக்கு ஏறினால், தந்தம் பதித்த 17-ஆம் நூற்றாண்டு மர இருக்கைகள். மொலாவே என்னும் அந்த மரம் நம் நொச்சியின் இனம். வேலியோரத்து நொச்சிக்கு இப்படி வைரம் பாய்ந்த உறவு இருப்பதை அவரிடம் சொல்ல முடியவில்லையே என்றிருந்தது. பலகை மூட்டில் கட்டைவிரல் நகத்தை ஓட்டி, எங்காவது தட்டினால் பிரித்து மறுபடி போடச் சொல்கிறவர் அவர். தொடக் கூடாது என்பதால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். தந்தமும் மரமும் சேரும் கோட்டில் நகம் தட்டாது என்று கண்ணுக்கே தெரிந்தது. பெயர் தெரியாத அந்தத் தச்சர்களுக்காகவும் அப்பாவுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லத் தொடங்கியவள், பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டேன்.

கீழே வந்து பீடத்துக்கு முன் முழங்காலிட்டேன். கேட்க வேண்டியவை என்று வீட்டில் எழுதி வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. தாயே ஸ்தோத்திரம், அப்பாவைக் கூட்டி வந்துவிட்டேன், ஸ்தோத்திரம் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் காவலர் தோளருகே குனிந்து, அடுத்த கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது என்றார்.