சம்பூரும் நிலக்கரியும்
இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்க் கரையில் நின்று கொட்டியாரக் குடாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அனல் மின் நிலையத் திட்டம்தான் ஞாபகம் வரும். இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட், முழுக்க நிலக்கரி. 2006இல் சண்டையில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் வருசக்கணக்காகக் கிடந்த சனத்தின் ஊர் இது. திரும்பி வந்தவர்கள் வீட்டுக்கு முன்னால் சாம்பல் மேட்டையா பார்ப்பது?

2016 செப்டம்பரில், அதைக் கட்டப்போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அப்புறம் நிலக்கரிக்குப் பதில் எரிவாயு என்று பேச்சு வந்தது. அதிலும் நியாயம் இருக்கிறது. எரிவாயு விசைச்சுழலியில் இருந்து வெளியே வரும் சூட்டை வீணாக்காமல், அதில் நீராவி எடுத்து இன்னொரு சுழலியையும் சுற்றலாம். அதனாலும், எரிவாயுவில் கரி குறைவு என்பதாலும், ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு நிலக்கரியில் வருவதில் ஏறக்குறைய பாதிதான். சாம்பலும் கிடையாது. ஆனால் வாயுவை மைனஸ் 162 பாகைக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவர வேண்டும், இறக்க முனையம் வேண்டும், டொலரும் வேண்டும். வழியில் அந்த வாயுவில் இருக்கும் மீத்தேன் கசிந்தால், அதுவும் பூமியைச் சூடாக்குவதால், கரியமில வாயு குறைவதில் வரும் லாபமும் குறைந்துபோகும்.

கடைசியில் 2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். சரி, வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. மாடு மேயும் தரவையை மட்டும் விட்டுவையுங்கள், மூதூர்ப் பக்கத்துத் தயிர்ச் சட்டி அதை நம்பித்தான் நிறைகிறது.