ஜன்னலோர இருக்கை

தங்கைக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்; வெயில் பட்டால் கூடும்) என்று தெரிந்ததிலிருந்து குடை இல்லாமல் அவள் வெளியே போவதில்லை. அப்படியும் மதுரையிலிருந்து திருச்சிக்கு ஏசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன நாலைந்து நாளில் மூக்குத்தண்டும் இரு கன்னமும் சிவந்து தடித்துவிட்டன. கண்ணாடி மூடித்தானே இருந்தது! வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யுவிபி வகையைத்தான் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும், யுவிஏ வகை உள்ளே வந்துவிடும் என்றார் தோல் டாக்டர். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

லூபஸுக்காக அவள் சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை வருடக்கணக்கில் போனால் விழித்திரையைப் பாதிக்கலாம். அதனால் கண் பரிசோதனையும் உண்டு. போன வாரம் கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டார்கள். மத்தியான வெயிலில் வெளியே வந்ததும், "அக்கா, ரோடே வெள்ளையாத் தெரியுதுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ வரும்வரை என் துப்பட்டாவை அவள் தலைமேல் விரித்துப் பிடித்து நின்றேன்.