ஒன்பது கிலோ நாள்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோதும் பிறகு கனடாவுக்கு வந்தபோதும் நான் விடாமல் கூடவே கொண்டுவந்த ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி, இருக்கிறது. மேலட்டையில் மண்ணெண்ணெய் பட்டுக் கறுத்துவிட்டது. உள்ளே, 1999இல் பன்னிரண்டாம் வகுப்பில் நான் செய்த வீட்டுக் கணக்குகள். முன்பக்கத்திலிருந்து கிரயக் கணக்கீடு, ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவைக் கணக்கிடும் பாடம். கொப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து வணிகப் புள்ளிவிபரவியல். இரண்டு பாடத்துக்கும் தனித்தனிக் கொப்பி வாங்க அப்போது வீட்டில் வசதியில்லை. இரண்டும் வந்து முட்டுகிற நடுப்பக்கத்தில் என் அம்மா தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை எழுதியிருக்கிறது. இந்த மலருக்கு என்ன எழுதுவது என்று கொப்பியை எடுத்துப் புரட்டினேன். அந்தப் பக்கத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காலை பஸ்ஸில் அட்டன் வந்து இறங்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இருப்போம். மீதிப் பேர் டவுண் பிள்ளைகள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மே மாதம் மழை தொடங்கிவிட்டால் தகரக் கூரையின் கீழ், இந்த இரண்டு பாடத்தையும் எங்களுக்குப் படிப்பித்த சேர் பேசுவது ஒன்றும் கேட்காது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதத் தொடங்குவார். நாங்களும் வாய் திறக்காமல் எழுதுவோம். நியம விலகலுக்கான (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு) சூத்திரத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்படி ஒரு மழைக்குள்தான். அதனால் இன்றைக்கும் அந்தக் குறியீட்டைக் கண்டால் தகரச் சத்தம் காதில் விழுகிறது.

சூத்திரம் சீக்கிரமே பாடமாகிவிட்டது. புத்தகத்தில் இருந்த எல்லாப் பயிற்சியையும் செய்தேன். இடை (சராசரி), இடையம், ஆகாரம், மீடிறன் அட்டவணை, திரள் மீடிறன் வளையி, எல்லாம் வரும். கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்துவந்தால் சந்தோஷம், ஒத்துவராவிட்டால் விடையிலிருந்து பின்னோக்கி நடந்து எங்கே பிழை என்று பிடிப்பேன். ஆனால் அந்த 6.4ஓ 12.8ஓ எதைச் சொல்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கடந்தகால வினாத்தாள்களைப் புள்ளித் திட்டத்தோடு சேர்த்து மனப்பாடம் பண்ணும் பழக்கம் இன்றைக்கும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதில் புள்ளி வரும் என்பதை நான் மறுக்கமாட்டேன். அந்த வழியில் நானும் ஒரு வருஷம் போனவள். அந்த ஒரு வருஷத்தில் படித்தது எதுவும் என்னிடம் தங்கவில்லை.

ஒருநாள் சேர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"நாளைக்குப் புத்தகக் கணக்கு வேணாம். ஆளுக்கு அஞ்சு எண் வீட்டிலிருந்து கொண்டு வாங்க. யாருடைய எண், எந்த நாள் எண்டு பக்கத்தில எழுதியிருக்கணும்."

டவுண் பிள்ளைகள் கடை விற்பனையைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி ஐந்து நாள் பால் கணக்கு. நான் அம்மாவிடம் கேட்டு அந்த வாரத்துக் கொழுந்து நிறையை எழுதினேன்: 14, 18, 16, 20, 17. எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்தி அந்த நேரம் அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்திருந்தார். (உறவில் சித்தி இல்லை, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்படித்தான் கூப்பிடுவோம்.) அவருடைய எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டேன்: 9, 25, 12, 24, 15.

குப்பி லாம்பு வெளிச்சத்தில் கணக்கைப் போட்டேன். அம்மாவின் கூட்டுத்தொகை 85, இடை 17. சித்தியின் கூட்டுத்தொகையும் 85, இடை 17. பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பக் கூட்டினேன். அதே 85. பிறகு விலகல்கள். அம்மாவுக்கு −3, 1, −1, 3, 0. வர்க்கித்துக் கூட்டினால் 20, ஐந்தால் வகுத்தால் 4, நியம விலகல் 2. சித்திக்கு −8, 8, −5, 7, −2. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 206, ஐந்தால் வகுத்தால் 41.2. கல்குலேட்டர் இல்லை. 6.4ஐ 6.4ஆல் பெருக்கினால் 40.96, போதாது. 6.42ஐ 6.42ஆல் பெருக்கினால் 41.2164, மயிரிழை கூடிவிட்டது. 6.42 என்றே எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் சேர் இரண்டு வரிசையையும் பலகையில் எழுதச் சொன்னார். "இடை ரெண்டு பேருக்கும் பதினேழு. சரி. சம்பளமும் ரெண்டு பேருக்கும் ஒண்டா?" என்று கேட்டார்.

தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் விடை தெரியும். எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, 16 கிலோ. அதற்குக் குறைந்தால் அரைப் பேர். கூடினால் கூடிய கிலோவுக்கு மட்டும் கைக்காசு. அம்மாவுக்கு 14 கிலோ எடுத்த ஒரு நாள் மட்டும் அரைப் பேர், மீதி நாலும் முழுப் பேர். சித்திக்கு 9, 12, 15 என்று மூன்று நாள் அரைப் பேர். மேலதிகமாக அவர் எடுத்தது 17 கிலோ, அம்மா எடுத்தது 7. ஆனால் அந்தப் பத்துக் கிலோ வித்தியாசத்துக்குக் கிடைத்த காசு, போன பேருக்கு ஈடாகவில்லை. ஒரே 85 கிலோதான், ஒரே மலை, ஒரே மழை. நியம விலகல் 2 என்றால் என்ன, 6.42 என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சம்பளத்தன்று சித்தி வீட்டில் ஏன் சத்தம் கேட்கும் என்பதும் அதோடு விளங்கியது.

கணக்கு முடிந்தது என்று இடத்துக்குப் போகத் திரும்பினேன்.

"எங்க போறீங்க புள்ள? அந்த ஒன்பது ஏன்?"

தெரியாது என்றேன்.

"அப்ப கணக்கு முடியல்ல. போய்க் கேட்டுட்டு வாங்க."

பின்னேரம் பீலிக்கரையில் சித்தி துணி துவைத்துக்கொண்டிருந்தார். கொப்பியோடு போய்ப் பக்கத்தில் குந்தினேன். என் கேள்வி அவருக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். ஒன்பது கிலோ அன்று கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பிள்ளைக் காம்பராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) ரெண்டு தடவை ஆள் அனுப்பினார்கள், மலையிலிருந்து இறங்கிப் போய்த் திரும்ப ஏற வேண்டியதாயிற்று. இருபத்தைந்து அன்று மாமியார் வந்து பிள்ளையை வைத்துக்கொண்டார். பன்னிரண்டு அன்று மாமியார் போய்விட்டார். பதினைந்தைக் கேட்டதும் துணியைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அன்னைக்குத் தராசுல பதினாறுதான் புள்ள. கொழுந்து ஈரம்னு ஒரு கிலோ கழிச்சிட்டாங்க."

அதையும் அப்படியே கொண்டுபோய்ச் சொன்னேன். சேர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு 15ஐ அழித்து 16 என்று எழுதி, "இப்ப இடை என்ன?" என்றார். 86ஐ ஐந்தால் வகுத்தால் 17.2. இடையில் 0.2தான் மாறியிருந்தது. ஆனால் சித்திக்கு அன்று போனது அரைநாள் சம்பளம். வகுப்பில் யாரும் பேசவில்லை. அன்றைக்கு மழைகூட இல்லை.

கிரயக் கணக்கீட்டையும் அவர் இதே வழியில்தான் எங்களுக்குள் இறக்கினார். கடைக்காரர் மகன் ஒருவனுக்கு 'முதல் உள் முதல் வெளி' என்ற இருப்பு முறை தலைக்குள் ஏறவேயில்லை. அவனுடைய அப்பா புது மூட்டைப் பருப்பை எங்கே அடுக்குவார் என்று சேர் கேட்டார். "பின்னால, சேர். பழசை முதல்ல வித்திடணும், இல்லாட்டி வண்டு விழும்." அவ்வளவுதான், அந்தப் பாடம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. மேந்தலைச் செலவு, அதாவது எந்த ஒரு பொருளுக்கும் நேரடியாகச் சேராத பொதுச் செலவு, அப்படி இலகுவில் முடியவில்லை. எந்தச் செலவை எந்தப் பொருளின் தலையில் எந்த அடிப்படையில் ஏற்றுவது என்று இரண்டு வாரம் வாதாடினோம். என் கருத்தில் அது இன்றைக்கும் முடியாத வாதம்தான்.

எனக்கென்று நின்ற கணக்கு நட்டக் கணக்கு. சேர் தானே எழுதித் தந்தது. ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு 1,000 கிலோ பச்சைக் கொழுந்து வருகிறது. கொழுந்துக்கும் வேலைக்குமாகச் செலவு 33,000 ரூபாய். வழக்கமாக 100 கிலோ கொழுந்துக்கு 22 கிலோ தேயிலை கிடைக்கும். இந்தத் தடவை கிடைத்தது 210 கிலோ. ஒரு கிலோவின் கிரயம் என்ன?

நான் 33,000ஐ 210ஆல் வகுத்து 157 ரூபாய் 14 சதம் என்று எழுதினேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேரும் அதைத்தான் எழுதியிருந்தோம். சேர் எல்லாருக்கும் பிழை போட்டார், விடையைச் சொல்லவில்லை. "உங்க அப்பா ஸ்டோர்லதானே வேலை? அவர்கிட்டக் கேளுங்க" என்று என்னை அனுப்பினார்.

அப்பா கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை செய்தார். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ராத்திரி வேலைக்குப் போகும்போது அப்பாவோடு நானும் போனேன். கீழேயிருந்து காற்று ஊதும் நீளமான வலைத்தட்டுகளில் கொழுந்து தடிப்பாகப் பரப்பியிருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி என் கையில் தந்து அமுக்கச் சொன்னார். மொடமொடவென்று ஒடிந்தது. வாடி முடிந்த தட்டிலிருந்து இன்னொரு கைப்பிடி. அது துணிபோல் மடங்கிக் கைக்குள்ளேயே கிடந்தது.

"கொழுந்துல முக்காவாசிக்கு மேல தண்ணி. அது போகத்தான் வேணும், போகாட்டித் தேயிலை இல்ல. அத நட்டம்னு யாரும் சொல்லமாட்டாங்க. அடுப்புல சூடு கூடிக் கருகிப்போச்சுன்னா டீமேக்கர் வந்து யாரு நின்னான்னு கேப்பாரு. அதுதான் நட்டம்."

சாதாரண நட்டம், அசாதாரண நட்டம் என்ற சொற்கள் அப்பாவுக்குத் தெரியாது. கீழே வந்து, மாவாகத் தேயிலை பறந்து படிந்த ஒரு படியில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். போக வேண்டியது போனபின் 220 கிலோ இருந்திருக்க வேண்டும். 33,000ஐ 220ஆல் வகுத்தால் கிலோ 150 ரூபாய். குறைந்த பத்துக் கிலோவின் 1,500 ரூபாயை நல்ல தேயிலையின் தலையில் கட்டக்கூடாது. அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும், ஏன் என்று ஒருவர் வந்து கேட்பதற்காக. 157.14 என்று போட்டால் அந்தப் பத்துக் கிலோ கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

எங்கள் உயர்தரப் பரீட்சை 2001இல். பல்கலைக்கழக அனுமதிக்கு இசெட் புள்ளி வந்த முதல் வருஷம். பெறுபேறு வந்தபோது பெற்றோருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூற்றுக்கு இத்தனை என்று பழகியவர்களிடம் ஒன்று தசம் சொச்சம் என்று ஒரு கடுதாசியைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றவர்களிடம் சேர் கொழுந்தை வைத்தே சொன்னார்: "நல்ல மலையில எல்லாரும் இருபது எடுக்கிற நாள்ல ஒருத்தி இருபது எடுக்கிறா. காய்ஞ்ச மலையில மத்தவங்க பத்து எடுக்கிற நாள்ல இன்னொருத்தி இருபது எடுக்கிறா. ரெண்டும் ஒண்டா?" இசெட் புள்ளிக்காக, எடுத்த புள்ளியிலிருந்து பாடத்தின் இடையைக் கழித்து நியம விலகலால் வகுப்பது என்பது இதற்குமேல் என்ன? திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்ற பங்கீட்டையும் அவர்தான் விளக்கினார். அந்தப் பின்தங்கிய பட்டியலில் நுவரெலியாவும் இருந்தது, பதுளையும் இருந்தது. அம்மா அன்றைக்கு அரைப் பேருக்கு மலைக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். சேலையில் கொழுந்துக் கறை. அவர் தலையாட்டியதைப் பார்த்தால், கூட்டத்தில் முதலில் விளங்கியது அவருக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் ரொறன்ரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் கிரயக் கணக்குப் பார்க்கிறேன். போன தடவை ஊருக்குப் போனபோது சேரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார், பார்வை குறைந்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி, குளிரைப் பற்றிக் கேட்டுவிட்டு வேலைக்கு வந்தார்.

"பாணுக்குச் சாதாரண நட்டம் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"பதினொரு வீதம், சேர். போறணையில தண்ணி ஆவியாப் போறது."

"அந்தப் பதினொண்டு யார் தராசில வச்சு நிறுத்தது?"

எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த எண் அங்கே இருந்தது. கேட்காமல் எத்தனையோ மாத அறிக்கைகளில் அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். சேர் வேறொன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணீரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

திரும்பி வந்த கிழமை, ராத்திரி வேலைக்காரர்களோடு நானும் உள்ளே போனேன். போறணைக்குப் போகுமுன் ஐந்து உருண்டை மாவை நிறுத்து எழுதினேன். வெந்து ஆறிய பிறகு அதே ஐந்தையும் திரும்ப நிறுத்தேன். போறணையில் நின்ற பெரியவர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னதும், ஓரத்தில் வைத்த தட்டு எப்போதும் கூடக் காயும் என்றார், அதையும் தனியே நிறுத்துப் பார்க்கச் சொன்னார். எண்களை அந்தச் சீ.ஆர். கொப்பியின் நடுப்பக்கத்தில் மீந்திருந்த இடத்தில் எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த நாள், எந்தத் தட்டு, யார் நின்றது என்று.